சலோத் சார்: ஒரு ஸ்காலர்ஷிப் மாணவனின் கதை

சர்வாதிகாரின்னா மேடையில் கத்துற, மேசையைக் குத்துற ஆள்தான் நமக்கு ஞாபகம் வரும். இவர் அப்படி இல்லை. மெதுவா பேசுவார், சிரிச்ச முகம், பசங்களுக்குப் பிடிச்ச வாத்தியார். பெயர் சலோத் சார் (நம்ம ஊர் 'சார்' இல்லீங்க, பெயரே அதுதான்). போல் பாட்னு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

1925ல் கம்போடியாவின் கம்போங் தோம் மாகாணத்தில், வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சொந்தக்காரப் பெண்கள் சிலர் ராஜாவின் அந்தப்புரத்தில் இருந்தார்கள். அதனால் சின்ன வயசிலேயே தலைநகர் புனோம் பென்னுக்கு வந்து, அண்ணன் சுவாங் வீட்டில் தங்கிப் படித்தார். ஏழைகளின் புரட்சி பேசப்போகிறவர் வளர்ந்தது அரண்மனை நிழலில்!

படிப்பு சுமார்தான். நல்ல பள்ளிக்கான தேர்வில் ஃபெயில் ஆகி, தொழிற்பள்ளியில் தச்சு வேலை கற்றார். அங்கிருந்து 1949ல் ஸ்காலர்ஷிப்பில் பாரிஸ் போனார். படிக்கப் போனது ரேடியோ எலக்ட்ரானிக்ஸ். (ஈசிஈ நண்பர்கள் மன்னிக்கவும்.) ஆனா வகுப்பைவிட, கம்போடிய மாணவர்களின் மார்க்சிய வாசிப்பு வட்டம்தான் அவரை இழுத்தது. 1952ல் மன்னராட்சியைத் தாக்கி, புனைபெயரில் ஒரு மாணவர் பத்திரிகையில் எழுதினார். தேர்வில் தோற்றார், ஸ்காலர்ஷிப் நின்றது, 1953ல் டிகிரி இல்லாமல் ஊர் திரும்பினார்.

பிறகு பகலில் தனியார் பள்ளியில் பிரெஞ்சு இலக்கியமும் வரலாறும் நடத்தினார். மறைவில் கட்சி வேலை. 1962ல் கட்சித் தலைவர் டூ சமூத் திடீர்னு மாயமானார். அடுத்த வருஷம் அந்த இடம் சாருக்கு வந்தது. போலீஸ் நெருக்கவே காட்டுக்குப் போனார்.

இத்தோடு கதை முடிஞ்சிருக்கலாம். காட்டில் இருந்த சின்னக் கூட்டத்தால் நாட்டைப் பிடிக்க முடியாது. நிலைமையை மாற்றியது வெளியில் நடந்தவை. வியட்நாம் போரைக் காரணம் காட்டி, 1969 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கம்போடியா மேல் சுமார் 5 லட்சம் டன் குண்டு போட்டன. வீடிழந்த கிராமத்துப் பையன்களைப் படைக்குச் சேர்க்கத் தனியாகப் பிரசாரம் வேணுமா? 1970 மார்ச்சில் தளபதி லோன் நோல் தரப்பு சிகானுக்கைப் பதவியிலிருந்து இறக்கியது. கோபத்தில் அவர் பெய்ஜிங்கிலிருந்து, தானே ஒருகாலத்தில் வேட்டையாடிய கம்யூனிஸ்டுகளோடு சேருங்கள்னு மக்களை அழைத்தார். விவசாயிகள் சிகானுக்குக்காகத்தான் காட்டுக்குப் போனார்கள். சார் யாருன்னே பலருக்குத் தெரியாது.

1975 ஏப்ரல் 17. கெமர் ரூஜ் படை தலைநகருக்குள் வந்தது. அமெரிக்கா குண்டு போடப்போகுது, மூணு நாளில் திரும்பிடலாம்னு சொல்லி, சுமார் 20 லட்சம் பேரை ஊரைவிட்டு நடக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி நோயாளிகளையும் விடவில்லை. சாரின் இன்னொரு அண்ணன், பத்திரிகையாளர் சாய், அந்த வழியிலேயே இறந்தார். 1979 ஜனவரியில் வியட்நாம் படை வரும்வரை, ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் போனார்கள்.

1976ல் பிரதமர் 'போல் பாட்' என்று அறிவித்தபோது, ரப்பர் தோட்டத் தொழிலாளி என்றுதான் சொன்னார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சுவாங்குக்கும் அது யாருன்னு தெரியாது. 1978ல் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைவரின் படம் மாட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அது தன் தம்பின்னு அவருக்குப் புரிந்தது.