எண்கள் ஆடும் மைதானம் – 9: முப்பது அடி என்னும் உரைகல்

கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி கோல்ஃப் ஆட்டத்தை அளக்க வகுத்த 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்டு' முறை சென்ற இதழில் விரிவாகவே விளக்கப்பட்டது. ஓர் இடத்திலிருந்து பந்தைக் குழியில் சேர்க்க அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் தேவைப்படுகிறது என்பதே அதன் அடித்தளம் என்பதைத் தொடர்ந்து படிப்போர் மறந்திருக்க மாட்டார்கள். இந்த இதழுக்குரியது அயர்ன், அதாவது, பந்தைக் குழி இருக்கும் கிரீன் எனப்படும் வழவழப்பான புல்தரையில் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் பயன்படும், தட்டையான எஃகுத் தலை கொண்ட மட்டை.

பிராடி 2014இல் வெளியிட்ட 'எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்' நூலின்படி, முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட மிச்சப்படுத்தும் ஸ்ட்ரோக்குகளில் சுமார் 40 விழுக்காடு 'அப்ரோச்' எனப்படும், 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து கிரீனை நோக்கி அடிக்கும் ஷாட்டுகளிலிருந்தே வருகிறது. கிரீனின் மேல் பந்தை உருட்டும் பட்டிங்கின் பங்கு சுமார் 15 விழுக்காடுதான். ஆகவே, பயிற்சிக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தைப் பட்டிங்கிலேயே செலவழிப்பவர் தம் ஆட்டத்தின் பெரிய வரவினத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

அயர்ன் ஆட்டத்தை அளப்பதற்கு நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு 'கிரீன் இன் ரெகுலேஷன்' என்பது. குழிக்கு வகுக்கப்பட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கையான பாரைவிட இரண்டு குறைவான ஸ்ட்ரோக்குகளுக்குள், அதாவது பார் 4 குழியில் இரண்டாவது ஸ்ட்ரோக்கிலேயே, பந்து கிரீனில் ஏறிவிட்டால் ஒரு புள்ளி சேரும். எளிமையான கணக்குதான் என்றாலும், குழிக்கு 3 அடியில் நின்ற பந்துக்கும் 60 அடியில் நின்ற பந்துக்கும் அது ஒரே புள்ளியைத்தான் தருகிறது. டூர் சராசரிகளைத் தரும் பிராடியின் அட்டவணையிலோ 3 அடியிலிருந்து டூர் ஆட்டக்காரருக்குத் தேவைப்படுவது 1.04 ஸ்ட்ரோக், 60 அடியிலிருந்து 2.21 ஸ்ட்ரோக். ஒன்றுக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோக் வேறுபாட்டைப் பழைய கணக்கு அப்படியே விழுங்கிவிடுகிறது.

அந்த அட்டவணையில் உள்ள இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஃபேர்வே எனப்படும் சீராக வெட்டப்பட்ட புல்வழியில், குழிக்கு 160 கெஜத் தொலைவில் பந்து இருக்கும்போது டூர் சராசரி 2.98, கிரீனின் மேல் 30 அடித் தொலைவில் இருக்கும்போது 1.98. இரண்டுக்கும் இடையே உள்ளது மிகச் சரியாக ஒரு ஸ்ட்ரோக் என்பதால், 160 கெஜத்திலிருந்து அடித்த பந்து குழிக்கு 30 அடியில் வந்து நின்றால், அடித்தவர் எதையும் மிச்சப்படுத்தவுமில்லை, எதையும் இழக்கவுமில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் சராசரித் தரத்தில் அந்த ஒரு ஷாட்டை அவர் அடித்திருக்கிறார். அதே முறையில் கணக்கிட்டால், 100 கெஜத்திலிருந்து (2.80) ஏறத்தாழ 15 அடியும் (1.78), 180 கெஜத்திலிருந்து (3.08) 40 அடியைச் சற்றே தாண்டிய தொலைவும் (40 அடிக்கு 2.06) அந்தச் சமநிலைக் கோடாக அமைகின்றன.

வார இறுதியில் மட்டும் மைதானத்துக்கு வருபவர் 160 கெஜத்திலிருந்து பந்தை 30 அடியில் நிறுத்திவிட்டு முகம் சுளிக்கும் காட்சி எந்த நாட்டு மைதானத்திலும் காணக்கூடியது. தொலைக்காட்சி ஒளிபரப்பு முன்னணியில் இருப்பவர்களையும் குழியைக் காட்டும் கொடியை ஒட்டி விழும் பந்துகளையுமே தேர்ந்து காட்டுவதால், தொழில்முறை ஆட்டக்காரரின் அன்றாட அயர்ன் ஷாட் எப்படி இருக்கும் என்பது பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை. மைதானமெங்கும் லேசர் கருவிகளோடு நின்ற தன்னார்வலர்கள் ஒவ்வொரு ஷாட்டின் இடத்தையும் குறித்துச் சேர்த்த 'ஷாட்லிங்க்' தரவுதான் அந்த உண்மையை வெளிக்கொண்டுவந்தது. முகம் சுளித்தவர் உண்மையில் மகிழ்ந்திருக்க வேண்டும்.

கிரீனைத் தவறவிடும் ஷாட்டுக்கு வரும்போதுதான் கணக்கு கடுமையாகிறது. அதே 160 கெஜத்திலிருந்து அடித்த பந்து 8 அடியில் நின்றால், அங்கிருந்து தேவைப்படுவது 1.50 என்பதால், 0.48 ஸ்ட்ரோக் மிச்சம். கிரீனைத் தவறவிட்டு, குழிக்கு 20 கெஜத்தில் ரஃப் எனப்படும் உயர்ந்த புல்லில் விழுந்தால், அங்கிருந்து தேவைப்படுவது 2.59 என்பதால், 0.61 ஸ்ட்ரோக் நட்டம். கிரீனின் ஓரத்தில் நடப்பட்ட கொடியைக் குறிவைத்து ஒருமுறை வென்று ஒருமுறை தோற்பவர் மொத்தத்தில் 0.13 ஸ்ட்ரோக் இழக்கிறார். கிரீனின் நடுவைக் குறிவைத்து இரண்டு முறையும் 30 அடியில் நிறுத்துபவர் எதையும் இழப்பதில்லை. அதே 20 கெஜத்தில் மணற்குழியிலிருந்து தேவைப்படுவது 2.53 என்பதும், அந்தத் தொலைவில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு மணலைவிட உயர்ந்த புல்லே தொல்லை தருகிறது என்பதும், மணலைக் கண்டு நடுங்கும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் நம்ப மறுக்கும் செய்திகள்.

இந்தச் சிந்தனை கணினி யுகத்தில் முளைத்ததன்று. பிரிட்டனில் அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட 'தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்' என்னும் நூல், போட்டியில் அடிக்கப்பட்ட ஷாட்டுகளை அளந்து, கிரீனை நோக்கிய நீண்ட ஷாட்டுகளின் முதன்மையை அப்போதே சுட்டிக்காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2022–23 பருவத்தில், டூர் ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் பட்டிங் பட்டியலில் 162ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தபோதும், அப்ரோச் பட்டியலில் முதலிடம் பெற்று, பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்று, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தப் பழைய நூலுக்குக் கிடைத்த உயிருள்ள சான்று.

இந்தக் கணக்கைத் தம் ஆட்டத்துக்குப் பயன்படுத்த விரும்புபவருக்கு லேசரும் தன்னார்வலரும் தேவையில்லை. ஒவ்வோர் அயர்ன் ஷாட்டுக்கும் அடிக்குமுன் இருந்த தொலைவு, பந்து கிடந்த தரை, எடுத்த மட்டை, அடித்தபின் குழிக்கு மீந்த தொலைவு, பந்து குறிக்கு முன்னே விழுந்ததா தாண்டி விழுந்ததா என்னும் ஐந்தையும் ஸ்கோர் அட்டையின் பின்புறம் குறித்து, அவற்றை 20 கெஜ வரிசைகளாகப் பிரித்துப் பார்த்தால், நட்டம் எந்தத் தொலைவில் குவிகிறது என்பது புலப்படும். பெரும்பாலான பொழுதுபோக்கு ஆட்டக்காரரின் பந்துகள் குறிக்கு முன்னேயே விழுவதைக் காணலாம். தம் மட்டையின் தொலைவாக அவர்கள் மனத்தில் கொண்டிருப்பது என்றோ ஒருநாள் பிசிறில்லாமல் பட்ட ஷாட்டின் தொலைவேயன்றி, வழக்கமான ஷாட்டின் தொலைவன்று. அத்தகையவர் ஓர் எண் நீண்ட மட்டையை, 7ஆம் எண் அயர்னுக்குப் பதில் 6ஆம் எண் அயர்னை, எடுத்தாலே போதும். வீச்சு முறையில் எந்த மாற்றமும் செய்யாமல் கிரீனில் ஏறும் பந்துகள் கூடும்.

பந்து இடமும் வலமும் சிதறும் அகலத்தை அளந்து, அதற்கேற்பக் குறியை நகர்த்தும் முறை இந்த இதழில் இடம்பெறும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 30 அடி அந்த இடத்தை எடுத்துக்கொண்டதால், அது அடுத்த இதழுக்குரியதாகிறது. அதற்குள் வாசகர்கள் ஓர் ஆட்டத்தின் அயர்ன் ஷாட்டுகளையேனும் மேற்சொன்ன ஐந்து குறிப்புகளோடு எழுதிவைத்திருந்தால், அடுத்த வாரக் கணக்கைத் தம் சொந்த எண்களைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம்.