மூன்றாம் மறி

மறி என்பது ஆடு முதலியவற்றின் இளமைப் பெயர். தொல்காப்பியர் மரபியலிற் கூறுவது. கண்டியில் யான் அதனைக் கற்பித்த நாளொன்றில், மன்னாரிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, சில ஆடு ஒரு குட்டி போடுது, சிலது மூண்டு போடுது. ஏன்?" என்று வினவினான். இலக்கணத்தில் விடையில்லை, பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தை நாடினேன்.

தலையீற்றில் ஒன்றே ஈன்ற செம்மறி, பின்னீற்றுக்களில் இரட்டை ஈனுதல் கூடும். இணைசேருமுன் சில வாரம் நல்லுணவு பெறின் கருமுட்டை மிகும். இவற்றினும் வலியது குலவழி. வங்கத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் என்னுஞ் சிற்றாடு இரட்டையும் மூன்றும் ஈனும் இயல்பினது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகளால் அவ்வியல்பு அங்குள்ள பூரூலா என்னும் மெரினோக் குலத்திற் புகுந்தது என்பர். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்துப் பல்தனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அம்மரபணுவைத் தக்காணச் செம்மறியிற் சேர்த்தனர், இரட்டைகள் பெருகின.

ஆயினும் செம்மறியின் மடிக்குக் காம்பு இரண்டே. உடன்பிறப்பு மிகுமளவு பிறப்பெடை குறையும். எளியது பாலின்றி மாளும்.

மறுவாரம் இவற்றை அம்மாணவனுக்கு உரைத்தேன். சிறிது மௌனமாயிருந்தவன், "எங்கடை மூண்டாவது குட்டிக்கு அம்மாதான் இராவிராவாப் போத்தல்பால் பருக்கினவ, ஐயா" என்றான்.

ஈற்றின் தொகையைப் பெருக்க விழைவோர், அத்தாயின் உறக்கத்தையுங் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.