ஒரே ஆஃபீஸ், மூணு வழி

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வி. பஸ்ஸா, ரயிலா, பைக்கா? சென்னையில இருக்கிறவங்க இதை எப்படி முடிவு பண்றாங்க?

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால இதை வெறும் 'ஷார்ட்டஸ்ட் பாத்' கணக்காத்தான் பார்த்துட்டு இருந்தேன். எது சீக்கிரம் போகுதோ அதுலதானே போவாங்க? அப்படி இல்லைன்னு என் ஆஃபீஸே காட்டுச்சு.

முதல்ல என் கதை. வீடு குரோம்பேட்டை, ஆஃபீஸ் சோழிங்கநல்லூர். வீட்டுப் பக்கத்துலயே மின்சார ரயில் இருக்கு. கடற்கரை–தாம்பரம் தடத்துல 1931-லேருந்து ஓடுது. ஆனா அது ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியே போகுது. ஓஎம்ஆர் கிழக்கே தனியா போகுது. நான் குறுக்கே போகணும். தாம்பரம் போய் பஸ் மாறினா ரெண்டு தடவை காத்திருக்கணும். எப்ப வரும்னு தெரியாம நிக்கிற 10 நிமிஷம், பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்திருக்கிற 20 நிமிஷத்தைவிடப் பெருசா தெரியும். அதனால பைக்.

அண்ணா நகர்ல இருந்து வர்ற நண்பருக்கு மெட்ரோ இருக்கு. கிண்டி வரைக்கும் அதுல வந்து, அங்கிருந்து கேப் பிடிப்பார். ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை இன்னும் முடியல.

மூணாவது, எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா. பெரும்பாக்கத்துல இருந்து வர்றாங்க. ஷேர் ஆட்டோ ஒரு தடவைக்கு 20 ரூபா. போக வர, 26 நாளைக்கு 1,040 ரூபா. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால எத்தனை பஸ் போனாலும் பிங்க் பஸ் வர்ற வரைக்கும் நிப்பாங்க.

ஒருநாள் அவங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் வந்துச்சு, சம்பளமும் கூட. வேண்டாம்னுட்டாங்க. ஏன்க்கான்னு கேட்டேன். "10 மணிக்கு மேல பிங்க் பஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும் தம்பி? தனியா ஆட்டோவுல போக பயமா இருக்கு, ஏத்திக் குடுத்த சம்பளமும் அதுக்கே போயிடும்."

அப்பதான் புரிஞ்சுது, என் கணக்குல நேரம் மட்டும்தான் இருந்துச்சு. காசு, காத்திருப்பு, பயம் மூணும் விட்டுப்போச்சு. ஒரே இடத்துல இருந்து கிளம்பினா, மேப் ஆப் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வழியைத்தான் காட்டும். ஆனா ராத்திரி 10 மணிக்கு நம்பி நிக்கிற மாதிரி ஒரு பஸ் இருந்திருந்தா, அக்கா அந்த வேலையை எடுத்திருப்பாங்க.

உங்க ஆஃபீஸ்லயும் யார் எப்படி வர்றாங்கன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.