பட்ஜெட்டில் துண்டு எவ்வளவு? மூன்று கணக்கையும் பாருங்கள்!

பிப்ரவரி பிறந்தால் ஆபீசிலும் ரெயிலிலும் பட்ஜெட் பேச்சுதான். வருமான வரி குறையுமா, எந்தச் சாமான் விலை ஏறும் என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். "துண்டு விழும் தொகை இத்தனை கோடி" என்ற வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. வரவுக்கு மேல் போகும் செலவுக்காக சர்க்கார் வாங்கும் கடன் அது.

மூன்று கணக்கு

மத்திய பட்ஜெட்டில் ஒவ்வொரு ஆண்டுக்கும் மூன்று கணக்கு உண்டு. ஆண்டு தொடங்குமுன் சொல்வது பட்ஜெட் மதிப்பீடு. அது முடியும் தறுவாயில், அடுத்த பட்ஜெட்டோடு வருவது திருத்திய மதிப்பீடு. அதற்கும் ஓராண்டு கழித்து வருவதுதான் அசல் கணக்கு. முதல் கணக்கு தலைப்புச் செய்தியாகிறது. மூன்றாவது வரும்போது முதல் கணக்கை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இரண்டரை மடங்கு

2008-09 பட்ஜெட்டில் துண்டு ரூ.1,33,287 கோடி என்றார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது 2.5 சதவீதம். அசல் கணக்கில் அது ரூ.3,36,992 கோடி ஆயிற்று. இரண்டரை மடங்கு!

உலகப் பொருளாதார நெருக்கடி ஒரு காரணம். வரி வசூல் குறைந்தது. டிசம்பரில் கலால் வரியும் குறைக்கப்பட்டது. ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் போட முடியாது. 6-வது சம்பளக் கமிஷன் அறிக்கை வரப்போவது பட்ஜெட் போட்டபோதே தெரிந்த விஷயம். 2008 பிப்ரவரி 29-ல் பட்ஜெட், மார்ச்சில் அறிக்கை. 2006 ஜனவரி முதல் அரியர்சும் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. உர மானியத்துக்கு சுமார் ரூ.31 ஆயிரம் கோடி ஒதுக்கினார்கள், செலவோ ரூ.75 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

மும்பை மெட்ரோ

திட்டச் செலவுகளிலும் இதே கதைதான். கொலாபா-பாந்த்ரா-சீப்ஸ் சுரங்க மெட்ரோவுக்கு முதலில் போட்ட மதிப்பு ரூ.23,136 கோடி. 2025 அக்டோபரில் பாதை முழுவதும் திறக்கப்பட்டபோது செலவு ரூ.37 ஆயிரம் கோடிக்கு மேல் போயிருந்தது. ஆரே கார் ஷெட் தகராறில் ஆண்டுகள் ஓடின. வேலை தள்ளிப்போனால் சாமான் விலையும் கூலியும் ஏறும்; கடனுக்கு வட்டியும் ஏறும். செலவைக் குறைத்துக் காட்டினால் அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்ற ஆசையும் பல திட்டங்களில் உண்டு. பாதி தோண்டிய சுரங்கத்தை மூடிவிட்டுப் போக யாரால் முடியும்?

பஞ்சப்படி

2020-21-ல் 3.5 சதவீதம் என்ற துண்டு 9.2 சதவீதமாயிற்று. கொரோனா வருமென்று எந்த மந்திரியாலும் கணக்குப் போட்டிருக்க முடியாது. ஆனால் சுமை எங்கே இறங்கியது? மத்திய சர்க்கார் ஊழியர், பென்ஷன்காரர்களின் பஞ்சப்படி மூன்று தவணை நிறுத்தப்பட்டது. அதில் மிச்சமான தொகை ரூ.34,402 கோடி. அந்தப் 18 மாத அரியர்ஸ் கொடுக்கப்படவில்லை.

எல்லா ஆண்டும் தவறுவதில்லை. 2023-24-ல் 5.9 சதவீதம் என்று சொல்லி 5.6 சதவீதத்தில் முடித்தார்கள். கணக்குச் சரியாக இருந்தால் பாராட்ட வேண்டியதுதான்.

அடுத்த பட்ஜெட் வரும் நாளில் வாசகர்கள் ஒன்று செய்யலாம். புதிய தொகையைப் படிக்கும்போதே, இரண்டாண்டுக்கு முன் சொன்ன தொகையையும் அதன் அசல் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். புதிய தொகையை எவ்வளவு நம்பலாம் என்று அப்போது விளங்கும்.