முதல் வகுப்பும் தெப்பக்குளமும்

மதுரையில் கல்லூரி ஆசிரியனாகப் பணியேற்ற முதல் வாரம், இயற்பியல் வகுப்பில் மிதப்பு விதியை ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் தங்குதடையின்றி விளக்கினேன். மாணவர் அமைதியாயிருந்தனர். அவ்வமைதியைத் தெளிவென்றே கருதி மகிழ்ந்தேன்.

வகுப்பு முடிந்தபின், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். பள்ளியில் தமிழிலேயே பயின்றவன். "ஐயா, ஒன்றும் விளங்கவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமென்று நினைக்கிறேன்" என்றான். பிழை என்னுடையதென்று உணர்ந்தேன்.

மறுநாள் தமிழிலே தொடங்கினேன். "1645-இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்தில், தைத் திருவிழாவன்று தெப்பம் மிதக்கிறதே, ஏன்?" என்று வினவினேன். தெப்பம், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் வரை அமிழ்கிறது. அப்போது நீரின் மேல்நோக்கிய விசை அதன் எடையைத் தாங்குகிறது. ஆட்கள் ஏறினால் இன்னும் சற்று அமிழ்ந்து, மேலும் நீரை விலக்குகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்த விதி இதுவே. இதனை அவர்கள் உணர்ந்த பின்னரே ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

அம்மாணவன் ஊர் திரும்பவில்லை. மாணவ நண்பர்களே, விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். அச்சொல் ஆசிரியனுக்கும் ஒரு பாடமாகும்.