தாதியர் கவனக்குறைவும் சட்டப் பொறுப்பும்

2023ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட சிறுமி ஒருவரின் இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழான பகுதி அகற்றப்பட்டது. கனூலா ஏற்றியதில் நேர்ந்த தவறே காரணம் என்னும் குற்றச்சாட்டு நீதிமன்றம்வரை சென்றது. தாதியரின் சட்டப் பொறுப்பு யாது என்னும் வினாவும் உடனெழுந்தது.

இலங்கையில் இத்தகைய நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டமாகும். கவனக்குறைவை நிறுவுதல் மட்டும் போதாது. அதனாலேயே தீங்கு விளைந்தது என்பதும் நிறுவப்படல் வேண்டும். குழந்தையொன்றின் மரணம் தொடர்பான பிரியாணி சொய்சா வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது. மேன்முறையீட்டில் குறைக்கப்பட்ட அத்தொகை, 2001இல் உயர் நீதிமன்றத்தால் முற்றாக நீக்கப்பட்டது. கவனக்குறைவுக்கும் மரணத்துக்குமிடையிலான காரணத்தொடர்பு நிறுவப்படாமை அதற்கொரு காரணமாயிற்று.

ஆதலின் தாதியின் குறிப்பேடு முதன்மைச் சான்றாகின்றது. கனூலா ஏற்றிய நேரம், வீக்கம், நிறமாற்றம், வைத்தியருக்கு அறிவித்த நேரம் என்பன உடனுக்குடன் பதியப்படின் தீங்கு தொடக்கத்திலேயே புலப்படும். கடமை தவறாத தாதிக்கும் அதுவே காப்பு. ஆயின் அக்குறிப்பேடு வைத்தியசாலையின் கையிலுள்ளது; நிறுவும் சுமையோ பாதிக்கப்பட்டோர் மீதுள்ளது; வழக்கிடும் காலமும் பொதுவாக 2 ஆண்டுகளே. பதிவுகளின் பிரதியைத் தாமதமின்றிப் பெறும் உரிமை நடைமுறையில் உறுதிப்படாதவரை, ஏழைப் பெற்றோருக்குச் சட்டம் எட்டாக் கனியே.