உஷார்! சாவி கொடுப்பவர் வீட்டுக்காரர்தானா?

தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வீடு தேடுகிறீர்களா? ‘மாத வாடகையே கிடையாது, 6 லட்சம் லீஸ், காலி செய்யும்போது முழுப் பணமும் கைக்கு வந்துவிடும்’ என்று யாராவது ஆசை காட்டினால், டோக்கன் அட்வான்ஸ்கூட நீட்டாதீர்கள்.

லீஸ் ஒன்றும் புதிதில்லை. கடனை அடைக்கவோ கல்யாணச் செலவுக்கோ மொத்தமாகப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரர், குடிவருகிறவரிடம் வாங்கிக்கொள்வார். அதில் தப்பில்லை. நடுவில் ஒரு ‘கம்பெனி’ நுழையும்போதுதான் வில்லங்கம். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம், ‘ஒன்றாம் தேதியானால் 15,000 ரூபாய் அக்கவுன்ட்டில் விழும், பராமரிப்பும் எங்கள் பொறுப்பு’ என்று வாடகை ஒப்பந்தம் போடுவார்கள். அதே வீட்டை உங்களுக்கு 6 லட்சத்துக்கு லீஸ் விடுவார்கள். நீங்கள் லீஸில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வாடகை வாங்குவது உங்களுக்குத் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 6 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலும் மாதம் 3,500 ரூபாய்தான் வரும். வீட்டுக்காரருக்கோ 15,000 கொடுத்தாக வேண்டும். மீதி 11,500 எங்கிருந்து வரும்? உங்கள் முதலிலிருந்தே எடுப்பார்கள், இல்லையென்றால் அடுத்து ஏமாறுகிறவர் கட்டும் லீஸ் பணத்திலிருந்து எடுப்பார்கள். புது ஆள் சிக்காத மாதத்தில் வாடகை நிற்கும். பிறகு ஆபீசுக்குப் பூட்டு, போனுக்கு சுவிட்ச் ஆஃப். ‘ஆறு மாத வாடகை பாக்கி, காலி பண்ணுங்க’ என்று வீட்டுக்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்பார். அவர் கையிலும் ஒரு ஒப்பந்தம், உங்கள் கையிலும் ஒன்று. உங்களுடையதில் அவர் கையெழுத்தே இருக்காது!

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. ஆகவே ‘பவர் இருக்கு சார்’ என்ற வாய்ப்பேச்சு செல்லாது. பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சொத்து வரி ரசீதும் ஈ.பி. கார்டும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், வீடு யாருடையது, வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடன் கட்டாத வீடென்றால் வங்கி ஒருநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டும். அதற்கு உங்கள் லீஸ் பத்திரம் ஒரு பொருட்டே அல்ல. அடுக்குமாடி என்றால் அசோசியேஷனில் கேட்டு வீட்டுக்காரர் நம்பரை வாங்கி நேராகப் பேசுங்கள். புரோக்கர் போட்டுக் கொடுக்கும் வீடியோ காலில் வருபவர் எந்த ஊர் ‘ஓனரோ’, யார் கண்டது? பணம் வீட்டுக்காரர் பெயரிலுள்ள அக்கவுன்ட்டுக்கு மட்டுமே போக வேண்டும். ‘கம்பெனி அக்கவுன்ட்டில் போட்டால் 50,000 தள்ளுபடி’ என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கம்பெனி மூலம் குடியிருக்கிறீர்களா? இன்றைக்கே வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்து, போன மாத வாடகை வந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரவில்லை என்றால், கம்பெனி சொல்லும் ‘அடுத்த வாரம்’ வரை காத்திருக்க வேண்டாம். ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போங்கள். 2022 முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; ஏமாந்தவர் பட்டியலில் அவரும் இருக்கிறார்.